கரடி வந்தால் படுக்க வேண்டும்

கரடி வந்தால் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும். சிறுத்தை வந்தால் நிமிர்ந்து நின்று, கைகளைத் தூக்கி, உருவத்தைப் பெரிதாகக் காட்ட வேண்டும். காட்டுப்பன்றி வந்தால் மரத்தில் ஏற வேண்டும். இதெல்லாம் பிரபுதாஸுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனால் புதருக்குப் பின்னால் அசைவது எது என்றே தெரியாவிட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் எந்த வீடியோவும் சொல்லவில்லை.

"பாதி படுத்துக்கினு, பாதி நின்னுக்கினு, ஒரு காலை மரத்து மேல வெச்சிக்குங்க," என்றாள் லில்லி, இட்லித் தட்டில் மாவை ஊற்றியபடியே.

"வெளையாடாதே லில்லி. இது உயிர் விஷயம்."

"நாளைக்குப் போறது பள்ளிப்பட்டு மலைங்க. ஆப்பிரிக்கா இல்ல."

"அங்க கரடி இருக்குதுன்னு பேப்பர்லயே போட்டிருந்தான்."

"எப்போ?"

"நான் ஸ்கூல் படிக்கறப்போ."

லில்லி இட்லிப் பானையை மூடினாள்.

திருத்தணி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பிரபுதாஸ் ஹெல்மெட் கடை வைத்திருந்தார். மனிதனுக்கு எந்த நிமிடத்திலும் எதுவும் நேரலாம் என்பது அவருடைய வியாபாரம். அதுவே நம்பிக்கையாகவும் ஆகிவிட்டது. மாமல்லபுரம் போகலாம் என்றால் அலை இழுத்துவிடும். ஏற்காடு என்றால் கொண்டை ஊசி வளைவு. ராட்டினம் என்றால் போல்ட்டு கழன்றிருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் பயமில்லாமல் போய் வந்த இடங்கள் சர்ச்சும், லில்லியின் அம்மா வீடும்தான். அம்மா வீட்டிலும் மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை என்று அவர் கீழேயே உட்கார்ந்துகொள்வார்.

லில்லி ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். மே மாத லீவில் மற்ற டீச்சர்கள் வால்பாறைப் பக்கம் மலையேறப் போகிறார்கள் என்று ஒருநாள் சொன்னாள். "நீங்க வரமாட்டீங்க. நான் போய்ட்டு வந்துடறேன்," என்றும் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பிரபுதாஸ் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பார். கரண்ட் போய்விட்டது, வரும்போது வரும் என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் அவரைத் தூங்கவிடவில்லை.

"நானும் வரேன்," என்றார் மறுநாள் காலையில்.

லில்லி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "முதல்ல பள்ளிப்பட்டு மலை மேல ஏறி எறங்குங்க. அங்க உச்சியில ஒரு பாறை இருக்குதாம். அதுல நின்னா இந்தப் பக்கம் நம்ம ஊரு, அந்தப் பக்கம் ஆந்திரா, ரெண்டும் தெரியுமாம். எனக்கு ரொம்ப நாளா பாக்கணும்னு ஆசை. அதுல பாதியில திரும்பாம வந்தீங்கன்னா வால்பாறையைப் பத்திப் பேசலாம்."

துணைக்கு வேதாசலத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர் திருவாலங்காட்டில் கரும்பு போடுகிறவர். வருஷத்துக்கு ஒரு ஹெல்மெட் தொலைத்துவிட்டு வந்து வாங்கியே பிரபுதாஸுக்கு நண்பரானவர். அவருடைய அக்கா மகன் பூபாலன் பள்ளிப்பட்டில் இருந்தான். வழிகாட்ட ஆள் ஏற்பாடு செய்தவன் அவன்தான்.

"காலையில ஆறு மணிக்கு அடிவாரத்துப் புளியமரத்தாண்ட வந்துடுங்க மாமா," என்று போனில் சொன்னான். "ஆளு நிப்பாரு. அதிகமா பேசமாட்டாரு. ஆனா காடு அத்துப்படி."

இதில் பிரபுதாஸுக்கு ஒரு குறை தெரிந்தது. விடியற்காலைதான் மிருகங்கள் இரை தேடும் நேரம். எனவே ஒன்பது மணிக்கு மேல் வருகிறோம் என்று பூபாலனுக்கு வாட்ஸப்பில் செய்தி அனுப்பினார். ஒற்றை டிக் விழுந்தது. பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் வேதாசலத்தின் காரிலிருந்து அடிவாரத்தில் இறங்கியபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. பிரபுதாஸ் டிக்கியைத் திறந்து மூன்று ஹெல்மெட்டுகளை எடுத்தார். மூன்றும் முகத்தை முழுசாக மூடுகிற ரகம். பின்பக்கத்தில் இரண்டு பெரிய கண்கள் ஸ்டிக்கராக ஒட்டப்பட்டிருந்தன.

"இன்னாங்க இது?" என்றாள் லில்லி.

"சிறுத்தை பின்னாடியிலேர்ந்து கழுத்தைத்தான் புடிக்கும். பின்னாடியும் கண்ணு இருந்தா, நம்ம பாத்துக்கினு இருக்கோம்னு நெனச்சிக்கினு போயிடும்."

"போயிடும்னு சிறுத்தை எழுதிக் குடுத்துச்சா?"

ஆனாலும் போட்டுக்கொண்டாள். திரும்பிப் போவதற்கு அவருக்கு ஒரு சாக்கும் கொடுக்கக் கூடாது என்று முடிவோடு வந்திருந்தாள். பைகளில் ஆட்டுக்குக் கட்டுகிற மணிகளைக் கட்டினார் பிரபுதாஸ். ஆளுக்கொரு மூங்கில் கம்பு. துணி தேய்க்கும்போது தண்ணீர் பீய்ச்சுகிற பாட்டிலில் மிளகாய்த் தண்ணீர். அதை மட்டும் தன் பேண்ட்டின் பின் பாக்கெட்டில் செருகிக்கொண்டார்.

புளியமரத்தடியில் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். மடித்துக் கட்டிய வேட்டி. தாடைக்கடியிலிருந்து உச்சந்தலை வரை துண்டைச் சுற்றி மேலே முடிச்சுப் போட்டிருந்தார். இடது கன்னம் உப்பியிருந்தது. ஒரு மஞ்சள் பையை மார்போடு அணைத்திருந்தார். இவர்களைக் கண்டதும் கண்கள் விரிய, மரியாதையாக எழுந்து நின்றார்.

"நாங்க மலை மேல போறோம்," என்றார் வேதாசலம், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து உரக்க. "கூட வர்ற ஆளு நீங்கதானே?"

அந்த ஆள் வேகவேகமாகத் தலையாட்டினார்.

"பேசமாட்டாருன்னு பூபாலன் சொன்னான் இல்ல? இவருதான்," என்று கிசுகிசுத்தார் வேதாசலம்.

"வாயில இன்னா வேதாண்ணா?" என்று கேட்டார் பிரபுதாஸ்.

"ஏதாவது பச்சிலையா இருக்கும். அந்த வாசனைக்கு மிருகம் கிட்ட வராது."

பிரபுதாஸுக்கு அந்த நிமிடமே பாதி பயம் போய்விட்டது. அந்த ஆளோ மூவருக்கும் பின்னால் போய் நின்றார்.

"ஐயா, நீங்க முன்னாடி போங்க."

அவர் மாட்டேன் என்று தலையாட்டினார்.

"இல்லல்ல. உங்க அனுபவத்துக்கு நாங்க முன்னாடி போவக்கூடாது."

அவர் மறுபடியும் தலையாட்டி, பின்னால் இரண்டடி நகர்ந்தார்.

"எவ்வளவு அடக்கம் பாரு!" என்று உருகிப்போன பிரபுதாஸ், அவருடைய தோள்களைப் பிடித்து மெல்லத் தள்ளிக்கொண்டுபோய் முன்னால் நிறுத்தினார். அந்த ஆள் ஒருமுறை திரும்பி மூன்று ஹெல்மெட்டுகளையும் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு நடக்க ஆரம்பித்தார்.

ஒற்றையடிப் பாதை சரிவில் மெல்ல ஏறியது. மணிகள் கிணுகிணுத்தன. கொஞ்ச தூரம் போனதும் லில்லி திரும்பிப் பார்த்தாள். மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று அவர்கள் பின்னால் வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

"மணி சத்தத்துக்கு வருது," என்றார் வேதாசலம். சற்று யோசித்தார். "தாஸு, கரடி ஒதுங்கிப் போவத்தானே மணி கட்டின?"

"ஆங்."

"சிறுத்தைக்கு இது சாப்பாட்டு மணி ஆச்சே?"

பிரபுதாஸ் நின்றார். மணியைக் கட்டினால் சிறுத்தை, கழற்றினால் கரடி. கடைசியில் மணிகளுக்குள் துணியைத் திணித்துச் சத்தத்தைப் பாதியாகக் குறைப்பது என்று முடிவாயிற்று. அதற்காகப் பாறையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த மறுகணம், பின் பாக்கெட்டில் ஏதோ உடையும் சத்தம் கேட்டது.

முதலில் சில்லென்று இருந்தது. பிறகு இளஞ்சூடு. அதற்குப் பிறகு பிரபுதாஸ் எழுந்து, வீடியோக்களில் எந்த மிருகத்துக்கும் சொல்லப்படாத ஒரு முறையில் குதிக்க ஆரம்பித்தார்.

"இன்னாச்சுங்க?"

"மொளகா! மொளகா!"

மிளகாய் எரிச்சலுக்குத் தண்ணீர் ஊற்றினால் இன்னும் பரவும் என்று லில்லிக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்திருந்த தயிர் டப்பாவை எடுத்துக் கணவரிடம் கொடுத்து, ஒரு புதரைக் காட்டினாள். பிரபுதாஸ் புதருக்குப் பின்னால் ஓடினார். அந்த ஆளும் உடனே அவர் பின்னால் ஓடினார்.

"ஐயா, நீங்க அங்கயே இருங்க!"

அவர் கேட்கவில்லை. முதுகைக் காட்டித் திரும்பி நின்றாரே தவிர, ஒரு கை தூரத்துக்கு மேல் விலகவில்லை.

தயிரோடு திரும்பிவந்த பிரபுதாஸ் தழுதழுத்தார். "ஒரு நிமிஷம்கூட நம்மளைத் தனியா விடமாட்டேங்கறாரு. டூட்டின்னா இது டூட்டி."

"எல்லாம் சரி," என்றார் வேதாசலம், மோந்து பார்த்தபடி. "இப்போ உன் மேல தயிர் வாசனை தூக்குது. கரடிக்கு மோப்பம் ஜாஸ்தின்னு நீதான சொன்ன?"

அதன் பிறகு பிரபுதாஸை நடுவில் விட்டு நடந்தார்கள்.

பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் அந்த ஆள் நின்றார். வலப்பக்கம் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். பிறகு திரும்பி இவர்களைப் பார்த்தார்.

"நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படி," என்றார் பிரபுதாஸ் கைகூப்பி.

அந்த ஆள் நீண்ட பெருமூச்சு விட்டார்.

"காத்தை மோந்து பாக்கறாரு," என்று விளக்கினார் பிரபுதாஸ். "எந்தப் பக்கம் மிருகம் இல்லையோ அந்தப் பக்கம் கூட்டிக்கினு போவாரு."

இடப்பக்கம் போனார்கள். அது ஒரு முள்வேலியில் போய் முடிந்தது. திரும்பிவந்து வலப்பக்கம் போனார்கள். வலப்பக்கப் பாதையில் சிறிது தூரம் போனதும் சரளையில் செருப்பு வழுக்க, அந்த ஆள் குனிந்து, செருப்புகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

பிரபுதாஸ் கையை உயர்த்தி மற்ற இருவரையும் நிறுத்தினார். "சத்தம் இல்லாம நடக்கணும்கறாரு. பக்கத்துல ஏதோ இருக்குது. ஷூவைக் கழட்டுங்க."

"இங்க பூரா நெருஞ்சி முள்ளு," என்றாள் லில்லி.

"முள்ளு குத்தினா எடுத்துடலாம். சிறுத்தை குத்தினா?"

மூவரும் வெறுங்காலோடு நடந்தார்கள். சத்தம் இல்லாமல் நடக்கத்தான் கழற்றினார்கள். ஆனால் அதற்குப் பிறகுதான் சத்தம் அதிகமாயிற்று. வேதாசலம் ஒவ்வொரு முள்ளுக்கும் அதை விதைத்தவனின் வம்சத்தையே திட்டினார். லில்லி ஒரு கட்டத்தில் பேசாமல் உட்கார்ந்து ஷூவை மாட்டிக்கொண்டு, "சிறுத்தை வரட்டும்," என்றாள்.

இன்னும் மேலே போனதும் அந்த ஆள் பாதையோரச் செடியிலிருந்து கை நிறைய இலைகளைப் பறித்தார். கசக்கி உப்பிய கன்னத்தின் மேல் வைத்துத் துண்டோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். கண்களை மூடி, "ம்ம்ம்..." என்று நீளமாக ஓர் ஓசை எழுப்பினார்.

பிரபுதாஸுக்கு மயிர்க்கூச்செறிந்தது. "மந்திரமா ஐயா?"

அந்த ஆள் கண்ணைத் திறந்து, கன்னத்தைத் தொட்டுக் காட்டி, மறுபடியும் "ம்ம்ம்" என்றார்.

"கன்னத்துல தேய்ச்சிக்கணுமாம். பச்சிலை தீர்ந்துபோச்சி போல, புதுசா பறிக்கறாரு."

ஹெல்மெட்டைக் கழற்றி பிரபுதாஸும் வேதாசலமும் தேய்த்துக்கொண்டார்கள். லில்லி வேண்டாம் என்றுவிட்டாள். சற்று நேரத்தில் இருவரின் கன்னங்களும் அரிக்க ஆரம்பித்தன. அந்த நிலையில் ஹெல்மெட்டை மறுபடி மாட்டியதுதான் பெரிய தப்பு. உள்ளே விரல் போகாது. வேதாசலம் ஹெல்மெட்டோடு தலையை ஒரு மரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

வலப்பக்கத்துப் புதர்க்காட்டில் சருகுகள் நொறுங்கின. பிறகு அமைதி. மறுபடியும் சருகுகள். கூடவே ஒரு மூச்சு, நாய் விடுகிற மூச்சைவிடக் கனமானது.

எது? பிரபுதாஸின் மனத்தில் மூன்று பாடங்களும் ஒரே நேரத்தில் ஓடின. கால்கள் அவரைக் கேட்காமலே முடிவெடுத்தன. கரடிப் பாடப்படி தொப்பென்று குப்புறப் படுத்துவிட்டார். லில்லி சிறுத்தைப் பாடப்படி துப்பட்டாவை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்து நின்றாள். வேதாசலம் படுக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை; கும்பிட்டார்.

"ஏங்க!" என்று லில்லி கத்தினாள். "அவரைப் பாருங்க!"

பிரபுதாஸ் தலையைத் தூக்கினார். அந்த ஆள் அங்கே இல்லை. அவருடைய செருப்புகள் மட்டும் கிடந்தன. மேலே, ஒரு பெரிய மரத்தின் இரண்டாவது கிளையில், மஞ்சள் பையோடு, கிளையைக் கட்டிப்பிடித்தபடி இருந்தார்.

"மரம்!" என்று அலறினார் பிரபுதாஸ். "பன்னி! பன்னிதான்! மேல ஏறுங்க!"

லில்லி முதலில் ஏறினாள். வேதாசலத்தைப் பிரபுதாஸ் கீழிருந்து தள்ளினார். பிரபுதாஸை லில்லி சட்டைக் காலரைப் பிடித்து மேலே இழுத்தாள். அவருடைய ஹெல்மெட் கிளையில் மோதி டங்கென்றது. கால் தரையை விட்டு மேலே வந்ததும் புதர் விலகியது.

முதலில் வந்தது ஒரு பெரிய ஆண் பன்றி. கோரைப்பல் வெளியே வளைந்திருந்தது. பிரபுதாஸ் படுத்திருந்த இடத்துக்கு நேராக வந்து, அவர் முகம் இருந்த மண்ணை மோந்து, மூக்காலேயே ஒரு குழி பறித்தது. தான் இன்னும் அங்கேயே படுத்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தார். லில்லியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் அதைவிட இறுக்கமாக அவர் கையைப் பிடித்தாள். அவளுக்கும் பயம் வரும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

அதன் பின்னால் பெண் பன்றி. அதன் பின்னால் குட்டிகள். பழுப்பு உடம்பில் தலையிலிருந்து வால் வரை வெளிறிய கோடுகள். கீழே விட்டுவந்த சாப்பாட்டுப் பையைக் குட்டிகள் இழுத்தன. புளிசாதம் சிதறியது. ஒரு குட்டி டப்பாவுக்குள் தலையை விட்டு, எடுக்க முடியாமல், டப்பாவோடு சுற்றிச் சுற்றி ஓடியது. தாய் மூக்கால் ஒரு தட்டுத் தட்டியதும் டப்பா கழன்றது.

"அணில் மாதிரி கோடு இருக்குது," என்றார் பிரபுதாஸ், தன்னையும் அறியாமல். "பெருசானா இந்தக் கோடு எங்க போவும் வேதாண்ணா?"

"தெரியல," என்றார் வேதாசலம் மெதுவாக. "எங்க கரும்புத் தோட்டத்துக்கும்தான் வருதுங்க. பட்டாசு கொளுத்தி வெரட்டியிருக்கேன். நின்னு பாத்ததில்ல."

"அதுக்கு ஊறுகா புடிக்கல பாருங்க," என்றாள் லில்லி. "தனியா ஒதுக்கி வெக்குது."

பிரபுதாஸ் ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டு நன்றாகப் பார்த்தார். இவ்வளவு பக்கத்தில் ஒரு காட்டு மிருகத்தை அவர் பார்த்ததே இல்லை. பயம் அங்கேதான் இருந்தது. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே, இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்ற ஆசையும் வந்து உட்கார்ந்துகொண்டது.

பன்றிகள் போய்விட்டன. ஆனால் மேல் கிளையில் இருந்த ஆள் இறங்கவில்லை. கண்களை இறுக மூடியிருந்தார்.

"எறங்கலாமா ஐயா?"

அவர் கிளையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"கண்ணை மூடிக்கினு காது குடுத்துக் கேக்கறாரு," என்றார் பிரபுதாஸ். "இன்னும் பக்கத்துல இருக்குது. அவரு எறங்காம யாரும் எறங்கக்கூடாது. சத்தத்தை வெச்சே பன்னின்னு கண்டுபுடிச்சாரே! நாம மூணு பேரும் மூணு மாதிரி நின்னோம். அவருக்கு ஒரு நொடி சந்தேகம் வந்துச்சா?"

வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். கால் மரத்துப்போனது. பிறகு அந்த மரத்தில் செவ்வெறும்புக் கூடு இருப்பது தெரிந்தது. எறும்புகளுக்கும் இவர்கள் இருப்பது தெரிந்தது. தயிர் வாசனையைத் தேடி அவை முதலில் பிரபுதாஸிடம் வந்தன. கடி தாங்காமல் அவர் நெளிந்தாரே தவிர இறங்கவில்லை. கடைசியில் மேல் கிளையில் "ம்ம்ம்ஹ்" என்று ஓர் அலறல். அந்த ஆள் சரசரவென்று இறங்கி, செருப்புகளை வாரிக்கொண்டு, மலை மேல் ஓட ஆரம்பித்தார்.

"ஓடறாரு! ஓடுங்க!"

மூவரும் அவர் பின்னால் ஓடினார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். மூவரும் ஓடிவருவதைக் கண்டு இன்னும் வேகமாக ஓடினார். அதைக் கண்டு இவர்களும் வேகத்தைக் கூட்டினார்கள். புதர்கள் முடிந்து, பாறைகள் வந்து, அதற்கு மேல் ஏற இடமில்லாமல் போனபோதுதான் எல்லோரும் நின்றார்கள்.

உச்சி.

லில்லி ஹெல்மெட்டைக் கழற்றினாள். காற்று அவள் முடியைக் கலைத்தது. பிரபுதாஸும் கழற்றினார். இந்தப் பக்கம் பள்ளிப்பட்டின் கூரைகளும் கரும்பும் நெல்லும். அந்தப் பக்கம் ஏரி, மாந்தோப்பு, அடுக்கடுக்காக நீல மலைகள். கோடு எதுவும் போட்டிருக்கவில்லை. எங்கே தமிழ்நாடு முடிந்தது என்று கேட்டால் வேதாசலத்துக்கே சொல்லத் தெரியவில்லை.

லில்லி பாறையின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் போய் நின்று பார்த்தாள். பிறகு, "வால்பாறைக்கு ரெண்டு பேருன்னு சொல்லிடறேன்," என்றாள்.

"அங்க யானை இருக்குமே?" என்றார் பிரபுதாஸ்.

அவள் முகம் லேசாகச் சுருங்கியது.

"இல்ல... குட்டியோட வருமான்னு கேட்டேன்," என்றார்.

லில்லி சிரித்துவிட்டாள். அரித்துச் சிவந்திருந்த அவருடைய கன்னத்தில் தண்ணீரைத் தொட்டுத் துடைத்துவிட்டாள்.

இறங்கும்போதும் அந்த ஆளைத்தான் முன்னால் விட்டார்கள். அவர் மறுபடி பின்னால் போய் நின்றார். மறுபடி தோளைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தார்கள். அவர் இறங்கிய வழியெல்லாம் இறங்கினார்கள். மரங்கள் விலகி ஒரு கிராமம் தெரிந்தது. தார் ரோடு. ரோட்டோரம் ஒரு டீக்கடை. கடைப் பலகையில் தெலுங்கு எழுத்து.

"தாஸு," என்றார் வேதாசலம். "இது ஆந்திரா. என் காரு அந்தப் பக்கம் இருக்குது."

"தெரியாமயா கூட்டிக்கினு வந்திருப்பாரு? வந்த வழியில பன்னி காத்துக்கினு இருக்கும். அதான் மலையையே தாண்டி எறக்கிட்டாரு. பஸ்ஸைப் புடிச்சிச் சுத்திக்கினு போயிடலாம்."

வேதாசலம் யோசித்துப் பார்த்தார். அவருக்கும் அது சரியாகவே பட்டது.

"டீ காவாலா?" என்றாள் கடைக்காரப் பெண்.

நான்கு டீ சொன்னார்கள். பிரபுதாஸ் தன் ஹெல்மெட்டைத் துடைத்து, இரண்டு கையாலும் ஏந்தி, அந்த ஆளுக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஐயா, இது என் கடையிலேயே நல்ல உருப்படி. நீங்க வெச்சிக்குங்க. பொறந்ததுலேர்ந்து பயந்துக்கினே இருந்தவன் நான். இன்னைக்கி உங்க முதுகைப் பாத்துக்கினு நடந்தேன் பாருங்க, அந்த தைரியம் எனக்கு எங்கயும் கெடைச்சதில்ல. அடுத்த தடவையும் எங்களுக்கு முன்னாடி நீங்கதான் நடக்கணும்."

அந்த ஆள் அவரைப் பார்த்தார். ஹெல்மெட்டைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார். தலையில் கட்டியிருந்த துண்டை மெல்ல அவிழ்த்தார். ஓரமாகப் போய், வாயிலிருந்து ரத்தம் தோய்ந்த ஒரு பஞ்சு உருண்டையைத் துப்பினார். தண்ணீர் வாங்கிக் கொப்பளித்தார். தாடையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்துக்கொண்டு திரும்பிவந்தார்.

"நேத்து பல்லு புடுங்கினது சார். வாயைத் தொறந்தா ரத்தம் வந்துடும்னு பயந்துக்கினு பஞ்சை எடுக்கவே இல்ல," என்றார். பிறகு அவர் குரல் உடைந்தது. "நான் அரக்கோணத்துல ஃபேனுக்குக் காயில் கட்டறவன் சார், இந்த ஊர்ல இருக்கற தங்கச்சி வீட்டுக்கு வரணும், காலை பஸ்ஸும் போயிடுச்சி, காட்டுல தனியா போவ பயமா இருக்குதே, உங்களைப் பாத்தா சிறுத்தை புடிக்கற டிபார்ட்மெண்ட் ஆளுங்க மாதிரி இருக்குதே, பின்னாடியே ஒட்டிக்கினு போயிடலாம்னு பாத்தா, மிருகம் வந்தா மொதல்ல என்னைத் தின்னட்டும்னு புடிச்சிப் புடிச்சி முன்னாடி தள்றீங்களே, இது நாயமா சார்?"